கர்ப்பிணிக்கு ஒரு மணி நேரம்

கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இருக்கும் வீட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. மாமியார் ஒரு வைத்தியர். எதிர் வீட்டு அம்மாள் ஒரு வைத்தியர். ஊரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போகும் பெரிய அத்தை எல்லோருக்கும் மேலான வைத்தியர். போதாததற்கு, இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி என்னும் வைத்தியரும் வந்து சேர்ந்திருக்கிறார். இத்தனை பேரும் வழங்கும் யோசனைகளைச் சேர்த்துப் பார்த்தால் அவை இரண்டே வாக்கியங்களில் அடங்கிவிடும். ஒன்று, "அசையாதே, படுத்துக்கொள்." மற்றொன்று, "சும்மா இராதே, குனிந்து நிமிர்ந்து வேலை செய். அப்போதுதான் சுகப் பிரசவம் ஆகும்." முதல் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று தடுத்தவர்களே, ஒன்பதாம் மாதத்தில் ஈரத் துணியைக் கையில் கொடுத்துக் கூடம் முழுவதையும் துடைக்கச் சொல்வதை நாம் கண்டிருக்கிறோம்.

நாம் வைத்தியர் அல்லோம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருவோர். ஆயினும் நம்மிடம் படித்த பெண்கள் பலர் இன்று தாய்மார்களாகவும், தாயாகப் போகிறவர்களாகவும் இருக்கின்றனர். அவர்கள் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போன பிறகு, வைத்திய சாஸ்திரம் ஆராய்ந்து தெளிந்திருக்கும் விஷயங்களுக்கும், நமது வீடுகளில் நடைபெறும் காரியங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணி வியப்போம். இந்த வாரம் அதைப் பற்றியே எழுத நினைக்கிறோம்.

சரக சம்ஹிதையில் கர்ப்பிணியைப் பேணும் முறையைச் சொல்லும் இடத்தில் ஓர் உவமை உண்டு. விளிம்பு வரையில் எண்ணெய் நிறைந்த பாத்திரத்தை எவ்வாறு தளும்பாமல் கையாளுவோமோ அவ்வாறே கர்ப்பிணியையும் நடத்த வேண்டும் என்பது அதன் கருத்து. இதை எடுத்துக் காட்டிப் பெண்ணைக் கட்டிலோடு கட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது சரியான பொருளாகத் தோன்றவில்லை. தளும்புமோ என்ற கவலை, பாத்திரத்தைக் கையில் ஏந்தி நடப்பவனுக்குத்தானே உண்டு? பரணில் ஏற்றி மூடி வைத்த பாத்திரத்துக்குத் தளும்பல் ஏது? மேலும், அவ்வுவமை கர்ப்பிணிக்குச் சொன்னதன்று. அவளைச் சுற்றி இருப்பவர்களுக்குச் சொன்னது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் வீட்டார்.

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் தேகம் செய்யும் வேலை கொஞ்சநஞ்சமன்று. அவள் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு, முன்னிருந்ததைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடிவிடுகிறது. அதை இறைத்துக் கொடுக்க இருதயம் முன்னிலும் வேகமாக உழைக்கிறது. பிரசவத்துக்கு வழிவிடுவதற்காக மூட்டுக்களைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. வயிற்றின் பாரம் முன்னே சாய, முதுகு பின்னே வளைகிறது. இவ்வளவு உழைக்கும் தேகத்துக்கு மேலும் அப்பியாசம் எதற்கு என்று முற்காலத்து வைத்தியர்கள் பலரும் எண்ணினார்கள். ஓய்வையே மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். பிற்காலத்து ஆராய்ச்சிகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில், வைத்தியர் தடை சொல்லாத கர்ப்பிணிகள் எல்லோரும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான தேகப் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது. இதனால் கர்ப்ப காலத்தில் தோன்றும் நீரிழிவும், இரத்தக் கொதிப்போடு வரும் தொல்லைகளும், அளவு மீறிய உடற் பருமனும் குறைகின்றன. கருச் சிதைவோ குறைப் பிரசவமோ அதிகமாவதில்லை. மாறாக, காரணமின்றி வாரக் கணக்கில் படுத்தே கிடப்பதனால் குழந்தைக்கு லாபம் எதுவும் இல்லை. கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்துபோகும் அபாயமும், தசைகள் மெலிந்துபோகும் கஷ்டமுமே மிச்சம்.

இது மேல்நாட்டார் தங்கள் தேசத்துப் பெண்களைக் கண்டு சொன்னது, நமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காக நமது தேசத்திலேயே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் காத்லீன் வாகன் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், காச்மீரத்தில் ஸ்ரீநகரில் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள், உணவுக்கும் உடைக்கும் குறைவில்லாதவர்கள், பிரசவ வேளையில் சொல்லொணாத வேதனைப்பட்டு வருவதையும், பலர் குழந்தையைப் பெற முடியாமலே மாண்டுபோவதையும் அவர் கண்டார். பரிசோதித்ததில் அவர்களுடைய இடுப்பெலும்புகள் மென்மையடைந்து, வளைந்து, குழந்தை வரும் வழியே குறுகிப் போயிருந்தது. காரணம் என்ன? பர்தா. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து வெயில் முகம் காணாமல், நாலு சுவர்களுக்குள்ளே அசையாமல் வாழ்ந்த வாழ்க்கை. அதே ஊரில், தால் ஏரியில் படகையே வீடாகக் கொண்டு, துடுப்புப் போட்டு வாழும் ஏழைப் பெண்கள் எளிதிலே பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். வாகன் அம்மையார் 1928-ல் பர்தா முறையும் தாய்மையும் என்னும் பொருள் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். வெயில் படாவிட்டால் 'வைட்டமின் டி' சத்துக் குறைந்து எலும்பு கெடும் என்பதை இன்று பள்ளிச் சிறுவர்களும் அறிவார்கள். மானத்தைக் காப்பதாக எண்ணிக் கட்டிய சுவர், மகளின் எலும்பையே தின்றுவிட்டது.

நமது பக்கத்தில் அத்தகைய பர்தா இல்லையே என்று நாம் நிம்மதி அடைந்துவிடலாகாது. ஐந்தாம் மாடிக் குடியிருப்பிலே வசித்து, மின்தூக்கியில் இறங்கி, வாசலில் நிற்கும் காரில் ஏறி, குளிர்பதனம் செய்த அறையில் எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து, மீண்டும் அதே வழியில் வீடு திரும்பும் பெண்ணுக்கு வெயில் எங்கே, நடை எங்கே? அவளுக்கு முகத்திரைதான் இல்லை.

இதற்குப் பெரியவர்கள் சொல்லும் பரிகாரம்தான், நாம் முதலில் குறிப்பிட்ட இரண்டாவது வாக்கியம். "எங்கள் காலத்தில் உரலில் குத்தினோம், கிணற்றில் இறைத்தோம், பத்துப் பிள்ளை பெற்றோம்" என்பார்கள். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உரலில் குத்தியும் கிணற்றில் இறைத்தும் பிரசவத்தில் மாண்டுபோன அவர்களுடைய தமக்கையும் நாத்தனாரும் வந்து கதை சொல்ல முடியாதல்லவா? 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் பெண்கள் பிரசவ சம்பந்தமான காரணங்களால் இறப்பதாகக் கணக்கிட்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் நன்றாகக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவர்களே. 2018 முதல் 2020 வரை எடுத்த கணக்கின்படி, லட்சம் பிரசவங்களுக்கு 97 மரணங்கள் என்னும் அளவுக்கு இந்தியாவில் அது குறைந்திருக்கிறதென்றால், அதற்கு ஆஸ்பத்திரியும், மருந்தும், இரத்த தானமும், தாதிகளின் படிப்பும் காரணம். உரல் காரணமன்று.

சில மாதங்களுக்கு முன்பு நமது பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்திருந்தாள். ஏழாம் மாதம். கணக்கில் கெட்டிக்காரி, இன்று ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "தினம் நடக்கிறாயா, அம்மா?" என்று கேட்டோம். "நன்றாக நடக்கிறேன், டீச்சர். காலை நாலரை மணிக்கு எழுந்தால் இரவு பத்து மணி வரையில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடைதான்" என்று சொல்லிச் சிரித்தாள். காலில் வீக்கம் கண்டிருந்தது. வீட்டில் கெட்டவர்கள் எவரும் இல்லை. மாமியார் அன்பானவர்; ஆறு வகைக் காய்கறி இல்லாமல் மருமகளுக்குச் சோறு போடுவதில்லை. ஆனால் அந்த ஆறு வகையையும் அரிந்து சமைப்பவள் அவளேதான். "வேலை செய்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொன்னாராம்" என்றாள்.

இங்கேதான் நமது வீடுகள் ஒரு பெரும் பிழை செய்கின்றன. வேலை வேறு, அப்பியாசம் வேறு. அடுப்பின் முன்னே இரண்டு மணி நேரம் நிற்பது நடையாகாது. நிற்கும்போது இரத்தம் காலில் தேங்குகிறது, கால் வீங்குகிறது, நரம்பு சுருட்டிக்கொள்கிறது. நடக்கும்போதோ கெண்டைக்காலின் தசை அதே இரத்தத்தை மேலே ஏற்றி அனுப்புகிறது. நெடுநேரம் நிற்பதும், பாரமானவற்றை அடிக்கடி தூக்குவதும் குறைப் பிரசவத்துக்கான வாய்ப்பைச் சற்றே அதிகமாக்குகின்றன என்று ஆராய்ச்சியாளர் கூறுகிறார்கள். உலாவுவதைப் பற்றி எவரும் அப்படிச் சொல்லவில்லை. இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. நடக்கப் போன பெண் மூச்சு வாங்கினால் நிற்கலாம், தாகமெடுத்தால் உட்காரலாம், மனம் இல்லையென்றால் திரும்பிவிடலாம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது அவள் உட்கார முடியுமா? வாசலில் விருந்தாளி வந்து நிற்கும்போது படுக்க முடியுமா? தன் விருப்பப்படி தொடங்கி, தன் விருப்பப்படி நிறுத்தக்கூடியதே அப்பியாசம். பிறர் விருப்பத்துக்காக நிறுத்த முடியாமல் செய்வது உழைப்பு. உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் அதை அப்பியாசத்தின் கணக்கிலே எழுதக் கூடாது.

நாற்று நடும் பெண்ணிடமும், செங்கற்சூளையில் கல் சுமக்கும் பெண்ணிடமும் போய், "தினம் அரை மணி நேரம் உலாவுங்கள்" என்று உபதேசிப்பது பரிகாசமாகவே முடியும். அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், வயிறு நிறையச் சாப்பாடும், இரும்புச் சத்து மாத்திரையுமே. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் சோகை உள்ளவர்கள். 180 நாள் விழுங்க வேண்டிய மாத்திரையைச் சர்க்கார் இலவசமாகவே தருகிறது. அது மலம் கறுக்கும், வயிறு பிரட்டும் என்று அலமாரியில் கிடக்கிறது. படித்த வீடுகளிலும் இந்தக் கதைதான். சோகை கடுமையாக இருந்தால் நடையும் ஆகாது. முதலில் இரத்தத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வைத்தியர் அனுமதி கொடுத்த பிறகு என்ன செய்யலாம்? நடப்பதைவிடச் சிறந்த அப்பியாசத்தை நாம் அறியோம். செலவில்லை, உபகரணம் வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி. ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். உச்சி வெயில் வேண்டாம்; இளவெயில் வேண்டும். குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். நான்காம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் ஆகா. கர்ப்பத்தின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். யோகாசனம் நல்லதே, புத்தகத்தையோ படத்தையோ பார்த்துச் செய்யாமல், கர்ப்பிணிகளுக்குச் சொல்லித்தந்து பழகிய ஆசிரியரிடம் கற்றுக்கொள்ள வேண்டும், மூச்சை அடக்குவதும் தலைகீழாக நிற்பதும் கூடாது. பெங்களூரில் 335 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 2005-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நடந்தவர்களைவிட யோகம் செய்தவர்களின் குழந்தைகள் நல்ல எடையோடு பிறந்ததாகக் கண்டார்கள். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த கூட்டம் அன்று அது. ஆகவே அதையே வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. இன்னொரு சிறு பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது. ஆர்னால்டு கீகல் என்னும் அமெரிக்க வைத்தியர் 1948-ல் இதை விவரித்து எழுதினார். பிரசவத்துக்குப் பின் இருமினாலும் தும்மினாலும் நீர் கசியும் சங்கடத்தைப் பெண்கள் வெட்கத்தினால் வெளியே சொல்வதில்லை. இப்பயிற்சி அதைக் குறைக்கும்.

இரத்தப் போக்கு, நீர் கசிதல், விட்டுவிட்டு வரும் வலி, மார்பு வலி, ஓய்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், கடுந் தலைவலி, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வலித்து வீங்குதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நஞ்சுக் கொடி கீழிறங்கி இருப்பவர்களும், கருப்பை வாய்க்குத் தையல் போட்டிருப்பவர்களும், இரத்தக் கொதிப்பு ஏறியவர்களும் வைத்தியரைக் கேளாமல் ஒன்றும் செய்யலாகாது. இன்னொரு வார்த்தை: நடந்தால் ஆயுதப் பிரசவம் வராது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. மேற்சொன்ன கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சத்திர சிகிச்சையின் மூலமே நடந்திருக்கின்றன. அதற்குக் காரணங்கள் பல. தினமும் நடந்தும் சிகிச்சை மேஜைக்குப் போக நேர்ந்த பெண்ணிடம், "நீ சரியாக நடக்கவில்லை" என்று சொல்லும் கொடுமையை நாம் செய்யக் கூடாது.

தேகத்தைப் பற்றி இவ்வளவு. மனத்தைப் பற்றி எழுதத் தொடங்கும்போது நமக்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. ஏனெனில் பக்தியின் பெயரால் கர்ப்பிணிகளைப் பயமுறுத்தும் வழக்கம் இந்நாளில் வளர்ந்து வருகிறது. பணம் கட்டிச் சேர வேண்டிய வகுப்புகள் ஏற்பட்டிருக்கின்றன. இன்ன சுலோகத்தை இத்தனை முறை சொன்னால் பிள்ளை மேதாவியாகும், இன்ன ராகத்தைக் கேட்டால் கணக்கில் புலியாகும் என்கிறார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. கோபித்தால் பிள்ளை முரடாகும், அழுதால் பிள்ளை அழுமூஞ்சியாகும். ஆகவே அந்தப் பெண் கோபிக்கவும் கூடாது, அழவும் கூடாது. கண்ணீர் வந்தால், கண்ணீர் வந்ததே என்று இன்னொரு பயம்.

இதற்கு ஆதாரமாக அபிமன்யுவையும் பிரகலாதனையும் காட்டுவார்கள். அபிமன்யுவின் கதையை நாம் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்தும். சக்கரவியூகத்தில் நுழையும் வழியைக் கேட்டுக்கொண்டிருந்த சுபத்திரை பாதியில் தூங்கிவிட்டாளாம். ஆகவே பிள்ளைக்கு வெளியே வரும் வழி தெரியாமல் போயிற்றாம். மகாரதர்கள் பலர் கூடி ஒரு பாலகனைக் கொன்ற அதர்மத்துக்கு, கர்ப்ப பாரத்தால் களைத்துக் கண்ணயர்ந்த தாயின்மேல் பழி! பிரகலாதன் கதை அப்படியன்று. இந்திரன் சிறைப்பிடித்துக்கொண்டு போன கயாதுவை நாரதர் வழிமறித்து மீட்டார். தமது ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று, கணவன் திரும்பி வரும் வரையில் அச்சமின்றி இருக்கலாம் என்று இடம் கொடுத்தார். உபதேசம் அதற்குப் பிறகுதான். நமது வீடுகளில் உபதேசத்துக்குக் குறைவில்லை, அபயத்தைத்தான் காணோம்.

தாயின் குரலைக் குழந்தை கருவிலேயே கேட்கிறது என்பது என்னவோ உண்மை. அமெரிக்காவில் டிகாஸ்பர் என்பவரும் அவருடைய சகாக்களும் 1980-லும் 1986-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுவதையும், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தாய் உரக்கப் படித்து வந்த பகுதியை அடையாளம் கண்டுகொள்வதையும் காட்டினார்கள். குழந்தை அறிவது குரலை, பொருளையன்று. தேவாரமானாலும், திருக்குர்ஆனானாலும், விவிலியமானாலும், சினிமாப் பாட்டானாலும், தாய் தன் மனம் கனிந்து சொன்னால் போதும். அதனால் மதிப்பெண் கூடும் என்று பள்ளி ஆசிரியராகிய நாம் சொல்ல மாட்டோம். சொல்கிறவளுக்கு மூச்சு நிதானப்படும், நெஞ்சு லேசாகும். அதுவே பெரிய லாபம்.

உலக முழுவதிலும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 10 பேரும், பிரசவித்தவர்களில் 13 பேரும் மனச் சோர்வு முதலிய மன நோய்களால் துன்புறுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நம் போன்ற தேசங்களில் இது இன்னும் அதிகம். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத பயம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைத் திருஷ்டி என்று சுற்றிப் போடுவதோடு நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இதற்கென்றே சர்க்கார் 2022-ல் தொடங்கிய தொலைபேசி உதவியும் 14416 என்னும் எண்ணில் இருக்கிறது. நடையும் இங்கே உதவும்; தினம் உலாவும் கர்ப்பிணிகளுக்கு மனச் சோர்வு குறைவு என்பது பல ஆராய்ச்சிகளில் கண்ட முடிவு. தேகத்துக்கு ஒரு வைத்தியம், ஆத்மாவுக்கு ஒரு வைத்தியம் என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். மாலையில் கோயில் வரை நடந்து, பிராகாரத்தை மூன்று முறை சுற்றி, தூணோரம் சிறிது நேரம் சும்மா அமர்ந்து திரும்பிய நமது பாட்டிமார் அப்படிப் பிரிக்கவில்லை.

திருச்சிராப்பள்ளி மலையில் வீற்றிருக்கும் தாயுமானவரின் கதையைத் தமிழர் எல்லோரும் அறிவர். பிரசவ வேளை நெருங்கிய இரத்தினாவதிக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்கிவிட்டாள். அப்போது சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார் என்பது புராணம். வரம் கொடுக்கும் தெய்வமாகக் காட்சி தந்து, "அஞ்சாதே, மந்திரம் சொல்" என்று அவர் சொல்லவில்லை. வெந்நீர் வைத்தார், கையைப் பிடித்துக்கொண்டார், அவள் அலறியபோது பக்கத்தில் இருந்தார். புராணம் எழுதியவருக்குக் கர்ப்பிணியின் மனம் தெரிந்திருக்கிறது.

ஆகவே நாம் வீட்டாரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அரை மணி நடைக்கு. மற்ற அரை மணி அவள் இஷ்டம்: பிரார்த்தனை செய்யலாம், பாடலாம், கதைப் புஸ்தகம் படிக்கலாம், மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடக் கூடாது. அடுப்பில் இருப்பதைக் கணவன் இறக்கி வைக்கட்டும். பத்துப் பாத்திரத்தை அவனே தேய்க்கட்டும். அல்லது அவளோடு கூட நடக்கட்டும், அலுவலகக் கதை பேசாமல். ஐந்து மணிக்கு வேலைக்காரி வராவிட்டாலும், ஊரிலிருந்து பெரிய அத்தை வந்துவிட்டாலும், இந்த ஏற்பாடு மாறக் கூடாது.

வளைகாப்புக்காகக் கடைவீதிக்குப் போகிறவர்கள் இன்னொரு கடையிலும் ஏறி இறங்க வேண்டும். ஏழாம் மாதத்தில் பாதம் சற்று வீங்கி அகலும். பழைய செருப்பு பிடிக்கும், வழுக்கும். குதிகால் உயரமில்லாததாய், பின்வார் உள்ளதாய், வழக்கமான அளவுக்கு ஓர் எண் பெரியதாய் ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போது, அவளையே அழைத்துப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.